இஞ்சினீயர் உண்டாவது எப்படி?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் நாட்டில் எழுத்தறியாதவர்களும் அறிந்த உண்மை. படித்தவர்கள் அதை மறந்துபோன இடம் ஒன்று உண்டு. அது இஞ்சினீயரிங் கல்லூரியின் வகுப்பறை. பாலம் கட்டவும், யந்திரம் செய்யவும், மின்சாரத்தை ஆளவும் வேண்டிய வாலிபர்கள் அங்கே நாலு வருஷம் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சொன்னதைக் கேட்டு, கொடுத்ததை எழுதி, பரீட்சையில் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பட்டத்துடன் வெளியே வருகிறார்கள். வந்தபின், இவர்கள் வேலைக்கு லாயக்கில்லை என்று முதலாளிகள் பழிக்கிறார்கள். பிள்ளை சரியாகப் படிக்கவில்லை என்று பெற்றோர் வருந்துகிறார்கள். கற்பித்த முறை எத்தகையது என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. அதை விசாரிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது நமது அபிப்பிராயம்.

ஆய்க்குடியை எடுத்துக் கொள்வோம். தென்காசி 2019-ல் தனி ஜில்லாவாயிற்று. அந்த ஜில்லாவில், குற்றாலத்துச் சாரல் எட்டும் தூரத்தில், அனுமன் நதிக் கரையில், குளங்களும் நெல்வயல்களும் சூழ்ந்த ஊர் ஆய்க்குடி. இன்று அங்கே அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த ஓர் இஞ்சினீயரிங் கல்லூரி இருக்கிறது. முன்பு இந்தப் படிப்பை வேண்டியவர்கள் மூட்டை முடிச்சுடன் மதுரைக்கோ, கோவைக்கோ, சென்னைக்கோ போகவேண்டியிருந்தது. இப்போது கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டது. இப்பகுதிக் கல்லூரிகளில் சேருகிறவர்களில் பீடி சுற்றிப் பிழைக்கும் தாயின் மகள் இருக்கிறாள். குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவனின் மகன் இருக்கிறான். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிறவர்கள் பலர். 2021-ல் தமிழக சட்டசபை, சர்க்கார் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இஞ்சினீயரிங் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித இடங்களை ஒதுக்கிச் சட்டம் செய்தது. கதவு திறந்தாயிற்று. உள்ளே போனபின் அவர்களுக்குக் கிடைப்பது கல்வியா, வெறும் கடுதாசியா என்பதே இப்போதுள்ள கேள்வி.

வகுப்பில் நடப்பது என்ன? உபாத்தியாயர் ஐம்பது நிமிஷம் பேசுகிறார். திரையில் எழுத்துக்கள் ஓடுகின்றன. அறுபது பேர் எழுதிக்கொள்கிறார்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் அறுபது தலைகளும் ஆடுகின்றன. வீட்டுக்குப் போய்க் கணக்கைப் போட முயலும்போதுதான் ஒன்றும் புரியவில்லை என்று தெரிகிறது. அப்போது பக்கத்தில் உபாத்தியாயர் இல்லை. உதவக்கூடிய அண்ணனோ அக்காளோ பெரும்பாலான வீடுகளில் இல்லை. பிறகு இருக்கவே இருக்கிறது கைடு. அண்ணா பல்கலைக்கழகத்து வினாத்தாளின் அமைப்பு பல வருஷங்களாக மாணவர் அனைவருக்கும் மனப்பாடம்: 2 மார்க்குக் கேள்வி பத்து, 13 மார்க்குக் கேள்வி ஐந்து, 15 மார்க்குக் கேள்வி ஒன்று. அதற்கு ஏற்ற விடைகளை முன்கூட்டியே அச்சிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நெட்டுருப் போட்டவன் தேறுகிறான். யோசித்தவன் நேரம் போதாமல் திண்டாடுகிறான்.

இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றவேண்டும் என்று உலகின் பல பாகங்களில் உபாத்தியாயர்கள் கிளம்பியிருக்கிறார்கள். "பிளிப்டு கிளாஸ்ரூம்" என்பது அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். நாம் தலைகீழ் வகுப்பு என்று சொல்லலாம். விஷயம் மிக எளியது. பாடத்தைக் கேட்பது சுலபமான வேலை. அதை வீட்டிலேயே செய்துவிடலாம். ஒரு சிறு படக்காட்சியையோ நாலு பக்க அச்சுத் தாளையோ முதல் நாள் மாலையில் மாணவன் பார்த்துவிட்டு வரட்டும். கணக்கைப் போடுவது, தர்க்கம் செய்வது, தவறு செய்து திருந்துவது ஆகியவை கஷ்டமான வேலை. அதை உபாத்தியாயரும் தோழர்களும் பக்கத்தில் இருக்கும்போது வகுப்பில் செய்யட்டும். மாணவன் சும்மா இராமல் தானே முயன்று கற்கும் முறைகள் எல்லாவற்றையும் சேர்த்து "ஆக்டிவ் லேர்னிங்" என்கிறார்கள். தலைகீழ் வகுப்பு அவற்றில் ஒன்று.

ஓர் உதாரணம் சொல்லுவோம். தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குளத்துக் கலிங்கு தெரியாததல்ல. குளம் நிரம்பி, கலிங்கின்மேல் ஓர் அடி உயரம் தண்ணீர் வழிகிறது. மழை வலுத்து அது இரண்டடியாக உயர்கிறது. வெளியேறும் நீர் எத்தனை மடங்காகும்? வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலோர் "இரண்டு மடங்கு" என்பார்கள். உபாத்தியாயர் உடனே விடை சொல்லக்கூடாது. ஒவ்வொருவரும் தம் விடையைத் தாளில் எழுதவேண்டும். பிறகு பக்கத்திலிருப்பவனிடம் அதற்குக் காரணம் கூறி வாதாட வேண்டும். உயரம் கூடும்போது நீரோட்டத்தின் பருமன் மட்டுமின்றி வேகமும் கூடுகிறது என்று யாராவது ஒருவன் கண்டுபிடிப்பான். பிறகு சூத்திரத்தைக் கொண்டு கணக்கிட்டால் ஏறக்குறைய 2.8 மடங்கு என்று வரும். இப்படித் தெரிந்துகொண்டவன் அதை ஆயுசுக்கும் மறக்கமாட்டான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் ஜில்லாக்களில் பெய்த பெருமழையில் குளங்கள் பல உடைந்ததை நாம் அறிவோம். கலிங்கின் கணக்கைக் கைடில் உருப்போட்ட இஞ்சினீயரை நம்பி ஓர் ஊரின் உயிரையும் பயிரையும் ஒப்படைக்கலாமா?

வெளிநாட்டு அனுபவத்தையும் பார்ப்போம். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் எரிக் மாசூர் என்ற பௌதிக ஆசிரியர் இருக்கிறார். தம் மாணவர்கள் கடினமான கணக்குகளைச் சூத்திரத்தில் போட்டுவிடுகிறார்கள், ஆனால் ஆதாரமான கேள்விகளில் தடுமாறுகிறார்கள் என்பதை அவர் 1990-ஐ ஒட்டிக் கண்டார். பெரிய லாரியும் சிறிய காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசையைச் செலுத்தும் என்பது போன்ற கேள்விகள் அவை. இரண்டும் சமம் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்களே லாரி என்று பதில் எழுதினார்கள். அதன்பின் அவர் பிரசங்கத்தைக் குறைத்தார். வகுப்பில் கேள்வி கேட்டு மாணவர்களை ஒருவரோடொருவர் விவாதிக்கச் செய்தார். 1997-ல் அந்த முறையைப் புஸ்தகமாகவும் வெளியிட்டார். 2014-ல் ஸ்காட் பிரீமன் முதலானவர்கள், விஞ்ஞானம், இஞ்சினீயரிங், கணிதம் ஆகியவற்றைக் கற்பிப்பது பற்றிய 225 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்தார்கள். பிரசங்கம் மட்டும் கேட்ட வகுப்புகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 34 பேர் தவறினார்கள். முயன்று கற்ற வகுப்புகளில் 22 பேர்தான் தவறினார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் என்பது சொற்பமான வித்தியாசமல்ல. அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஏழு குடும்பங்களின் எதிர்காலம் அதில் அடங்கியிருக்கிறது.

இது அந்நிய நாட்டு நாகரிகம், நமக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு நம் சரித்திரத்தையே பதிலாகச் சொல்லலாம். சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் விடுதியை நடத்திவந்த ஆண்ட்ரு பெல் என்ற பாதிரி, நம் நாட்டுப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதி ஒருவருக்கொருவர் எழுத்துக் கற்பிப்பதைக் கண்டார். கண்டதைத் தம் விடுதியில் கையாண்டு, 1797-ல் லண்டனில் நூலாக வெளியிட்டார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் அந்த முறை "மதராஸ் முறை" என்ற பெயரால் இங்கிலாந்திலும் பரவிற்று. திண்ணைப் பள்ளியில் நெட்டுரு இருந்தது வாஸ்தவம். அதற்கு நாம் பரிந்து பேசவில்லை. ஆனால் தோழன் வாயிலாகக் கற்பது கடல் கடந்து வந்த புதுமை என்று யாரும் மிரள வேண்டியதில்லை.

பின்னாலும் நம்மவர்கள் வாளா இருக்கவில்லை. 1937-ல் வார்தாவில் காந்திஜி கூட்டிய கல்வி மகாநாடு, கைத்தொழிலின் வாயிலாகவே குழந்தைக்குக் கல்வி அளிக்கவேண்டும் என்ற திட்டத்தை நாட்டின் முன் வைத்தது. கோயமுத்தூரில் ஸ்ரீ ஜி. டி. நாயுடு 1945-ல் தொழிற்கல்லூரி ஏற்பட வழிசெய்தார். இஞ்சினீயரிங் படிப்புக்கு நாலு வருஷம் வேண்டாம், செய்முறையை முதன்மையாக வைத்தால் இரண்டு வருஷமே போதும் என்பது அவர் கொள்கை. அன்றைய வெள்ளைக்கார சர்க்கார் அதை ஒப்பவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். இரண்டு வருஷம் போதுமா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். காலம் எப்படிச் செலவாகிறது என்று அவர் கேட்ட கேள்வி இன்றும் பதில் கிடைக்காமல் நிற்கிறது.

இன்னொரு விசித்திரத்தையும் கவனிக்கவேண்டும். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டு, 2007-ஐ ஒட்டி மாநிலமெங்கும் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கு விஸ்தரிக்கப்பட்டது. குழந்தைகள் தரையில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, தம் வேகத்தில் தாமே கற்றார்கள். எட்டு வயதில் தானே கற்க முடிந்த அதே குழந்தை, பதினெட்டு வயதில் கல்லூரிக்கு வந்தவுடன் வாயைப் பொத்தி எழுதிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

ஆய்க்குடிக்கு இந்தப் பாடத்தைப் புகட்ட வெளியூரார் வரவேண்டியதில்லை. அமர் சேவா சங்கத்தை நாடறியும். அதை ஸ்தாபித்த ஸ்ரீ எஸ். ராமகிருஷ்ணன் இஞ்சினீயரிங் மாணவராக இருந்தவர். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூரில் நடந்த உடற்பயிற்சிச் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே அங்கங்கள் செயலிழந்தார். அவர் சொந்த ஊரில் 1981-ல் அந்தச் சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. சங்கத்தின் ஊழியர்கள் கிராமம் கிராமமாகச் சென்று, உடல் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குப் பயிற்சி தருவதுடன், அந்தப் பயிற்சியைத் தாய்மாருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே யாரும் குழந்தைக்கு நடையைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை. குழந்தை தானே காலை ஊன்றுகிறது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்கிறார். விழுந்தால் தூக்கி நிறுத்துகிறார். கால் பலப்படுவது இப்படித்தான். மூளை பலப்படுவதற்கு வேறு வழி இருப்பதாக நாம் அறியோம்.

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ கம்பெனி 2011 முதல் அலுவலகம் நடத்துகிறது. பள்ளிப்படிப்பு முடித்த வாலிபர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, வேலையோடு வேலையாகக் கற்பித்து உத்தியோகம் தரும் பள்ளிகளையும் அந்தக் கம்பெனி நடத்துகிறது. பட்டமில்லாதவனுக்கு ஒரு கம்பெனி இதைச் செய்ய முடியுமானால், பட்டம் கொடுக்கும் கல்லூரிகளால் ஏன் முடியாது? ஆயினும் ஒரு கம்பெனி தனக்கு வேண்டியவர்களைத் தனக்கு வேண்டிய தொழிலுக்குப் பழக்குவதும், ஒரு தேசம் தன் இஞ்சினீயர்களை உண்டாக்குவதும் ஒன்றல்ல. அணையும், மின்சாரமும், சாலையும், குடிநீரும் யாருடைய லாபக் கணக்கிலும் அடங்காதவை. ஆகவே அந்தப் பொறுப்பைக் கல்லூரிகள் தட்டிக் கழிக்க இயலாது.

இனி ஆக்ஷேபங்களைப் பார்ப்போம். மாணவர்களுக்கே இந்த முறை பிடிக்கவில்லை என்று உபாத்தியாயர்கள் சிலர் சொல்லுகிறார்கள். அது உண்மையாக இருக்கலாம். ஹார்வர்டிலேயே 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், முயன்று கற்றவர்கள் அதிகம் கற்றிருந்தும் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள் என்று கண்டார்கள். நல்ல பிரசங்கத்தைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோன்ற சுகம் உண்டாகிறது. தானே கணக்குப் போடும்போது தன் அறியாமை தனக்கே தெரிகிறது, அது கசக்கிறது. மருந்து கசப்பதற்காக அதைக் கொட்டிவிடுவாருண்டா? முதல் வகுப்பிலேயே இதை மாணவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நல்லது.

பாடம் முடியாது என்பது இரண்டாவது ஆக்ஷேபம். பாடத்தை உபாத்தியாயர் முடிப்பதா, மாணவன் முடிப்பதா என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். ஐந்து அலகுகளையும் உபாத்தியாயர் முடித்து, மாணவன் ஒன்றையும் தொடங்காதிருந்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

மூன்றாவது ஆக்ஷேபம் கனமானது. வீட்டில் படித்துவிட்டு வா என்கிறீர்கள். ஒரே அறையில் ஐந்து பேர் உறங்கும் வீட்டில், ஒரே செல்போனைத் தம்பி தங்கைகளோடு பங்கிட்டுக்கொள்ளும் பிள்ளை எங்கே படிப்பான்? கொரோனா தொற்றினால் 2020-ல் கல்லூரிகள் மூடப்பட்டபோது இந்தக் கஷ்டத்தைக் கண்கூடாகக் கண்டோம். இதைப் புறக்கணித்துவிட்டுத் தலைகீழ் வகுப்பைப் புகுத்தினால், வசதியுள்ளவன் மேலும் முன்னேறுவான்; ஏழை மேலும் பின்தங்குவான். ஆகவே கல்லூரி நூல்நிலையத்தை மாலையிலும் திறந்துவைக்கவேண்டும். படக்காட்சியைக் கல்லூரியிலேயே இறக்கிக்கொள்ள வசதி வேண்டும். கிராமத்துக்குப் போகும் கல்லூரிப் பஸ் மாலையில் ஒரு மணி தாமதமாகக் கிளம்பினால் குடிமுழுகிப் போகாது. படம் பார்க்க வழியில்லாதவனுக்கு அச்சிட்ட தாள் கொடுத்தால் போதும். அமெரிக்காவில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சில்வானஸ் தேயர் 1817 முதல் தலைவராக இருந்தபோது, மாணவர்கள் முன்னதாகவே பாடத்தைப் படித்துவந்து வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டும் முறையை வேரூன்றச் செய்தார். அந்த நாட்டின் முதல் இஞ்சினீயர்களை உண்டாக்கிய கல்லூரி அது. அவர்களிடம் படக்காட்சியா இருந்தது?

நான்காவது, பாஷை. இதுவே எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று நாம் கருதுகிறோம். தமிழில் பன்னிரண்டு வருஷம் படித்தவனைத் திடீரென்று ஆங்கிலத்தில் விவாதிக்கச் சொன்னால் அவன் ஊமையாகத்தான் இருப்பான். வகுப்பில் அவன் மௌனமாக இருப்பதைப் பார்த்து அறிவில்லை என்று முடிவு கட்டுவது பெரிய அநீதி. கலிங்கைப் பற்றித் தமிழில் கேட்டால் அவனுக்கு ஊர்ப் பெரியவர்கள் சொன்னதெல்லாம் நினைவுக்கு வரும். விவாதத்தில் அவனே முன் நிற்பான். 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிகல் படிப்புகளைத் தமிழில் தொடங்கிற்று. 2021-ல் அகில இந்தியத் தொழிற்கல்விக் கவுன்சில் பிராந்திய பாஷைகளில் இஞ்சினீயரிங் கற்பிக்க அனுமதி தந்தது. ஐ.ஐ.டி.க்கள் 2003 முதல் வளர்த்துவரும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் பல தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளன. பரீட்சை எந்தப் பாஷையில் நடந்தாலும், வகுப்பில் விவாதம் தமிழில் நடக்கட்டும். தமிழில் யோசித்துத் தெளிந்தவன் பிறகு ஆங்கிலத்தில் எழுதுவது கஷ்டமல்ல. யோசியாமலே ஆங்கிலத்தில் உருப்போட்டவன் எந்தப் பாஷையிலும் இஞ்சினீயராக மாட்டான்.

ஓர் அபாயத்தையும் எச்சரிக்கை செய்கிறோம். நல்ல யோசனையைச் சுற்றறிக்கையாக்கிக் கொல்லுவதில் நம்மவர்கள் சமர்த்தர்கள். இத்தனை தலைகீழ் வகுப்புகள் நடத்தியாயிற்று என்று கட்டுக்கட்டாகக் காகிதம் தயாரித்து, தரச் சோதனைக்கு வருகிறவர்களிடம் காட்டிவிட்டு, மறுநாளே பழைய பாட்டைப் பாடுவதால் பயனில்லை. ஒரு மணி நேரம் பேசுவதற்கு வேண்டிய தயாரிப்பைவிட, ஒரு மணி நேரம் மாணவரைச் சிந்திக்கச் செய்ய வேண்டிய தயாரிப்பு அதிகம். குறைந்த சம்பளத்தில், நாள் முழுதும் வகுப்பும், அதற்குமேல் விளம்பரத்துக்கும் மாணவர் சேர்க்கைக்கும் அலைவதும் விதியென்றால், உபாத்தியாயர் எப்போது தயார் செய்வார்? உபாத்தியாயரைக் கூலியாளாக வைத்துக்கொண்டு கல்வியைச் சீர்திருத்துகிறோம் என்று சொல்வது வீண் பேச்சு.

நாம் கேட்பது அதிகமல்ல. முதலாவதாக, பரீட்சை மாறவேண்டும். கைடில் இல்லாத, மாணவன் முன்பு பார்த்திராத கேள்விகளுக்கு வினாத்தாளில் கணிசமான இடம் தரவேண்டும். சில பாடங்களிலாவது புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுத அனுமதிக்கவேண்டும். பரீட்சை மாறாதவரை வகுப்பு மாறாது. இரண்டாவதாக, கல்லூரி தானே அளிக்கும் மார்க்கைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிகள் தியரிப் பாடத்தில் நூற்றுக்கு 40 மார்க்கைக் கல்லூரி மதிப்பீட்டுக்கு ஒதுக்கின. அத்தகைய மார்க்கை மேலும் சில நெட்டுருப் பரீட்சைகளுக்குப் பாழாக்காமல், வகுப்பில் செய்த வேலைக்கும், ஊர்க் குளத்தையும் காற்றாலையையும் கோட்டை வாசல் ரயில் பாதையையும் அளந்து கற்றதற்கும் கொடுக்கவேண்டும். மூன்றாவதாக, இந்த முறையை மேற்கொள்ளும் உபாத்தியாயருக்கு வாரத்தில் சில மணி நேரம் வகுப்புச் சுமையைக் குறைக்கவேண்டும். நான்காவதாக, எல்லாப் பாடங்களையும் ஒரே நாளில் மாற்ற முற்படவேண்டாம். ஒரு கல்லூரி, ஒரு பாடம், அதிலும் சில அத்தியாயங்கள் என்று தொடங்கி, பலனைக் கண்டு, மேலே போகட்டும்.

இதெல்லாம் கல்லூரிக்காரர்கள் விவகாரம், நமக்கென்ன என்று தேச ஊழியர்கள் இருந்துவிடக்கூடாது. கல்லூரி கேட்டுப் போராடினோம், கிடைத்தது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராடினோம், கிடைத்தது. வகுப்பறைக்குள் நடப்பதைப் பற்றி மட்டும் ஒரு பொதுக்கூட்டமும் நடந்ததில்லை. ஒரு தீர்மானமும் நிறைவேறியதில்லை. வோட்டுக் கேட்டு வருகிறவரிடம் சாலையையும் குடிநீரையும் கேட்பதுபோல் இதையும் கேட்கவேண்டும். கல்லூரி நிர்வாகிகளிடம் கட்டிடத்தின் உயரத்தை விசாரியாமல், "வகுப்பில் என் பிள்ளை எத்தனை நேரம் தானே வேலை செய்கிறான்?" என்று பெற்றோர் விசாரிக்கவேண்டும். ஆய்க்குடியில் ஒரு வகுப்பு இப்படி நடக்கத் தொடங்கினால் அடுத்த வருஷம் பக்கத்துக் கல்லூரியில் நடக்கும். பீடி சுற்றும் தாய் தன் உழைப்பையெல்லாம் கொட்டி வாங்கித் தரும் நாலு வருஷங்களை வீணாக்க நமக்கு உரிமை கிடையாது.